பழைய கார் வாங்குமுன் அடியில் பாருங்கள்

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்குகிறவர் இல்லை. மண்பானை வாங்கப் போனால்கூடச் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். ஆனால் இரண்டு லட்சம், மூன்று லட்சம் ரூபாய் கொடுத்துப் பழைய கார் வாங்குகிறவர்கள் பலர், வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து, கதவைத் திறந்து மூடி, பாட்டுப் பெட்டியைப் போட்டுப் பார்த்து, ஒரு தெரு ஓட்டிவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். வண்டியின் அடிப்பக்கத்தை அவர்கள் பார்ப்பதே இல்லை. மேல்தகடுகளுக்குப் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, மெழுகு தேய்த்துப் புதிது போலாக்கிவிடலாம். அடிப்பக்கத்தை அப்படி மினுக்குவது கடினம். மினுக்கியிருந்தால், அந்த மினுக்கே நமக்கு ஒரு தடயம்.

1983 டிசம்பரில் வெளிவந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800, 1998இல் வந்த சான்ட்ரோ, இண்டிகா, 2000இல் வந்த ஆல்ட்டோ ஆகியவை போன்ற சிறிய ஹேட்ச்பேக் கார்களை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது. நடுத்தரக் குடும்பங்கள் முதன்முதலாக வாங்கும் கார் பெரும்பாலும் இவ்வகைதான். ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணம் அதில் போகிறது. பணம் போனால் போகட்டும் என்று வைத்துக்கொண்டாலும், அந்த வண்டியில் அமரப்போவது நம் பிள்ளைகள் அல்லவா?

அடியில் பார்ப்பது மெக்கானிக்கின் வேலை, நமக்கு என்ன தெரியும் என்று ஒதுங்கிவிட வேண்டாம். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லதே. ஆனால் அவர் காட்டுவது ஏன் முக்கியம் என்று புரிந்துகொள்ளப் பள்ளியில் படித்த வேதியியலும் இயற்பியலும் போதும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நுழைக்காதீர்கள். ஜாக்கி என்பது சக்கரம் மாற்றுவதற்காக ஒரு மூலையைத் தூக்கும் கருவி. வண்டியைத் தாங்கி நிறுத்துவது அதன் வேலையன்று. தரை சற்றுச் சரிந்தாலும், வண்டி சிறிது உருண்டாலும் அது சாய்ந்துவிடும். வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் வண்டியை உயரத் தூக்கும் தளம் இருக்கும். சில பட்டறைகளில் ஆள் இறங்கி நிற்கும் பள்ளம் இருக்கும். சிறு தொகை கொடுத்தால் பார்த்துக்கொள்ளலாம். விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வண்டியை அங்கே கொண்டுவரச் செய்யுங்கள். "அடியில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று அவர் மழுப்பினால், வேறு வண்டி பார்ப்பது உத்தமம்.

கையில் ஒரு நல்ல டார்ச் விளக்கு, ஒரு சிறு கண்ணாடி, துணியில் சுற்றிய காந்தம், கைப்பிடி கனமான திருப்புளி, பழந்துணி இவை இருந்தால் போதும். வண்டியை முன்னதாகக் கழுவ வேண்டாம் என்றும் சொல்லிவைக்கலாம். கழுவாத வண்டியில் எண்ணெய் கசிந்த தடம் அப்படியே இருக்கும்.

எலும்புக்கூடு எங்கே இருக்கிறது?

லாரிக்கு அடியில் பார்த்திருப்பீர்கள். முன்னிருந்து பின்வரை இரண்டு தடித்த எஃகுச் சட்டங்கள் ஏணியைப் போல் ஓடும். எஞ்சின், சக்கரங்கள், மேற்கூண்டு எல்லாம் அந்தச் சட்டத்தில்தான் பூட்டப்பட்டிருக்கும். சிறிய காரில் அத்தகைய தனிச்சட்டம் கிடையாது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமே உள்ள எஃகுத் தகடுகளை மடித்து, ஒன்றோடொன்று பற்றவைத்து, கூடு முழுவதையுமே சுமைதாங்கியாக ஆக்கிவிடுகிறார்கள். 1922இல் இத்தாலியின் லான்சியா நிறுவனம் லாம்டா என்ற காரில் இவ்வழியைக் காட்டியது. 1934இல் பிரான்சின் சிட்ரோயன் நிறுவனம் முன்சக்கரங்களால் இழுக்கப்படும் காரை இம்முறையில் பெருமளவில் செய்தது. இன்றைய ஹேட்ச்பேக் கார்கள் அந்த வழியில் வந்தவையே.

ஒரு மில்லிமீட்டர் தகடு எப்படி நான்கைந்து பேரைத் தாங்குகிறது? ஒரு தபால் அட்டையை எடுத்து இரண்டு புத்தகங்களுக்கு இடையே பாலம்போல் வையுங்கள். நடுவில் சில நாணயங்களை வைத்தாலே தொய்ந்துவிடும். அதே அட்டையைப் பெட்டிபோல் நான்காக மடித்து விளிம்புகளைப் பசையால் ஒட்டி வையுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தையே தாங்கும். இப்போது இரண்டாவது சோதனை. விளிம்பை ஒட்டிய பெட்டியை இரு முனையிலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். எளிதில் முறுக்க முடியாது. ஒட்டிய விளிம்பை நீளவாக்கில் பிளந்துவிட்டு மறுபடி முறுக்குங்கள். துணியைப் பிழிவதுபோல் முறுகும். அட்டை அதே அட்டை, எடையும் குறையவில்லை. ஒரு விளிம்பு திறந்துகொண்டது, அவ்வளவுதான்.

காரின் கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் அடிவிளிம்பு இத்தகைய மூடிய பெட்டிதான். எஞ்சினுக்கு இருபுறமும் முன்னோக்கி நீளும் இரண்டு கைகளும், இருக்கைகளுக்கு அடியில் குறுக்கே செல்லும் முட்டுகளும் அப்படிப்பட்டவையே. இவற்றின் விளிம்பை ஓரடி நீளத்துக்குத் துரு தின்றுவிட்டால், தகட்டில் பெரும்பகுதி மிஞ்சியிருந்தாலும் பெட்டி பிளந்த பெட்டிதான். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கதவுகள் முனகுவதும், ஒரு கதவு மட்டும் சரியாகப் பொருந்தாததும் இதன் வெளி அடையாளமாக இருக்கலாம்.

மோதல் நேரும்போது இந்தப் பெட்டிகளின் வேலை இன்னும் பெரியது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் சுவரில் மோதுவது, சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் மேலிருந்து, தரையில் விழுவதற்குச் சமம். அவ்வாற்றலை முன்புறக் கைகள் மடிந்து மடிந்து விழுங்க வேண்டும். நடுக்கூடு மடியாமல் நிற்க வேண்டும். மெர்சிடிஸ் நிறுவனத்தின் பொறியாளர் பேலா பாரேன்யி 1950களில் வகுத்த தத்துவம் இது. துருவேறிய பெட்டி மடிய வேண்டிய இடத்தில் மடியாது. நிற்க வேண்டிய இடத்தில் மடியும்.

துளி நீரில் ஒரு மின்கலம்

இரும்பும் நீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு உண்டாகும் என்பது எல்லாரும் அறிந்தது. ஆனால் அது எந்த இடத்தை முதலில் தாக்கும்? இதற்கு விடை தெரிந்தால்தான் காருக்கு அடியில் எங்கே தேடுவது என்று தெரியும்.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த யூலிக் எவன்ஸ் என்ற அறிஞர் இதற்கு அழகான சோதனை ஒன்றைச் செய்து காட்டினார். பளபளப்பாகத் தேய்த்த இரும்புத் தகட்டின்மேல் ஒரு துளி உப்பு நீர். அதில் சிறிதளவு பினாப்தலீனும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் கலந்திருக்கும். சிறிது நேரத்தில் துளியின் நடுவில் நீல நிறமும் ஓரத்தில் இளஞ்சிவப்பு நிறமும் தோன்றும். நீலம் என்றால் அங்கே இரும்பு அயனியாகக் கரைகிறது என்று பொருள். இளஞ்சிவப்பு என்றால் அங்கே ஹைட்ராக்சைடு அயனிகள் உண்டாகின்றன என்று பொருள். துளியின் ஓரம் காற்றுக்கு அருகில் இருப்பதால் அங்கே ஆக்சிஜன் மிகுதி, நடுவில் குறைவு. இந்த வேறுபாடே துளியை ஒரு சிறு மின்கலமாக்கிவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதி நேர்மின்முனையாகி இரும்பை இழக்கிறது. வெளிப்படும் எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓரத்துக்குச் சென்று ஆக்சிஜனோடும் நீரோடும் வினைபுரிகின்றன. இரண்டு அயனிகளும் சந்திக்கும் இடையிலுள்ள வளையத்தில் துரு படிகிறது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் இந்த மூன்று பொருள்களும் இருந்தால் ஆசிரியர் மேற்பார்வையில் நீங்களே செய்து பார்க்கலாம்.

இதிலிருந்து விளங்குவது என்ன? காற்று நன்றாகப் படும் இடம் அல்ல, படாத இடமே கரைகிறது. துரு தெரியும் இடம் ஒன்று. இரும்பு மறையும் இடம் அதற்குப் பக்கத்தில் வேறொன்று. சக்கரக் கூண்டின் மடிப்பில் ஆண்டுக்கணக்காக அப்பியிருக்கும் சேற்றுக் கட்டிக்கு அடியில், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று பற்றவைக்கப்பட்ட சந்தில், உரிந்து தொங்கும் கறுப்புப் பூச்சின் உட்புறத்தில், ரப்பர் மூடிகளைச் சுற்றி, இங்கெல்லாம்தான் தேட வேண்டும். பரந்த வெளித்தகட்டில் மஞ்சள் பழுப்பாகப் படிந்த மெல்லிய துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். துணியால் துடைத்துவிட்டுத் தட்டிப் பாருங்கள். திடமாக ஒலித்தால் அது மேலோடு.

உப்பு இந்த மின்கலத்தை விரைவுபடுத்துகிறது. தூய நீரைவிட உப்புநீரில் மின்னோட்டம் எளிதாகப் பாயும். குளோரைடு அயனிகள் இரும்பின்மேல் காப்புப்படலம் நிலைக்காமல் செய்துவிடும். குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்பைத் தூவுவதால் கார்கள் அடியிலிருந்து அழுகுகின்றன. நமக்குச் சாலையில் உப்பு இல்லை, கடற்காற்றில் இருக்கிறது. சென்னையின் கடலோரத் தெருவிலோ தூத்துக்குடியிலோ வெயிலிலும் உப்புக்காற்றிலும் நின்ற பத்தாண்டு வண்டியையும், கோயம்புத்தூரில் கூரைக்கு அடியில் நின்ற பத்தாண்டு வண்டியையும் ஒரே வயதாக எண்ணக் கூடாது. பதிவு எண்ணின் முதல் எழுத்துகளும் அவற்றை அடுத்துவரும் எண்ணும் எந்த ஊர் அலுவலகத்தில் பதிவானது என்று காட்டும். ஆனால் வண்டி நின்ற இடத்தை விற்பவரிடம்தான் கேட்டறிய வேண்டும்.

துரு உண்டானபின் அது அடங்கி இருப்பதில்லை. துரு தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே சந்துக்குள் பிறந்த துரு ஆப்பு அடித்ததுபோல் இரண்டு தகடுகளையும் பிரிக்கும். நேராக ஓட வேண்டிய பற்றவைப்பு விளிம்பு அலையலையாக உப்பியிருந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்பது தெளிவு.

எந்த இடத்துத் துரு கொல்லும், எந்த இடத்துத் துரு கொல்லாது? பிரிட்டனில் 1960 முதல் வாகனங்களுக்கு முறையான சோதனை உண்டு. சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக், இருக்கைப் பட்டை ஆகியவை பூட்டப்பட்ட இடங்களைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் தகடு வலுவிழக்கும் அளவு துரு இருந்தால் வண்டி தேறாது என்பது அவர்கள் விதி. நம் ஊரிலும் இந்த ஓரடிக் கணக்கைக் கையாளலாம். பின்சக்கர அச்சைப் பிடித்திருக்கும் கைகள் கூட்டோடு சேரும் இடம், முன்சக்கரங்களின் லோயர் ஆர்ம் பூட்டப்பட்ட இடம், ஷாக் அப்சார்பரின் மேல்முனை ஆகியவற்றைச் சுற்றி ஓரடிக்குள் ஓட்டையோ அடையடையாக உதிரும் துருவோ இருந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் அந்த வண்டி வேண்டாம்.

ஒட்டுவேலையின் அடையாளங்கள்

துரு தின்ற தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனமுள்ள புதுத்தகட்டைப் பொருத்தி முறையாகப் பற்றவைத்தால் குற்றமில்லை. அத்தகைய வேலைக்கு நேரமும் காசும் ஆகும். மலிவான டிங்கரிங் வேலையில் ஓட்டையின்மேல் ஒரு தகரத்தை வைத்து நான்கு இடத்தில் பற்றவைத்துவிடுவார்கள். அதைவிட மலிவான வேலையும் உண்டு. ஓட்டைக்குள் கந்தலையோ செய்தித்தாளையோ திணித்து, மேலே பட்டி பூசி, அதன்மேல் கறுப்பு அடித்துவிடுவது! பட்டி மேல்தகட்டின் நெளிவை மறைக்க உதவும் பூச்சு. சுமையைத் தாங்கும் திறன் அதற்குக் கிடையாது.

தொழிற்சாலையில் தகடுகளைச் சேர்ப்பது ஸ்பாட் வெல்டிங் முறையில். இரண்டு தாமிர முனைகளுக்கு இடையே தகடுகளை அழுத்தி மின்சாரம் பாய்ச்சுவார்கள். அதனால் விளிம்பு நெடுகச் சட்டைப் பொத்தான்போல், சீரான இடைவெளியில், வட்டமான சிறு குழிகள் வரிசையாக இருக்கும். அந்த வரிசை திடீரென்று நின்று, அவ்விடத்தில் கட்டிக் கட்டியான வெல்டிங் வடு தொடங்கினால் அங்கே கை வைத்திருக்கிறார்கள். வலப்புறத்தில் குழிகள் இருந்து இடப்புறத்தில் இல்லாவிட்டாலும் அதே முடிவுதான். காரின் கூடு பெரும்பாலும் இருபுறமும் ஒரே அச்சு என்பதால் ஒரு பக்கத்தை மறுபக்கத்துக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், அடிப்பக்கம் பார்ப்பதில் ஒரே ஓர் உத்தியைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன்.

வெல்டிங் செய்த இடமே அடுத்துத் துருப்பிடிப்பதைக் கண்டிருப்பீர்கள். காரணம் எளிது. இரும்பு உருகுவது 1,538 டிகிரி செல்சியஸில். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரும்புக்காகத் தன்னைக் கரைத்துக்கொள்ளும் துத்தநாகப் பூச்சு, வெல்டிங் வெப்பத்தில் சுற்றிலும் பறந்துவிடுகிறது. உட்புறத்துப் பெயின்டும் கருகிவிடுகிறது. வெளிப்பக்கத்துக்கு மறுபடி பூச்சு அடித்துவிடலாம். மூடிய பெட்டியின் உட்புறத்துக்குத் துளை வழியே மெழுகுக் காப்பைப் பீய்ச்சினால்தான் உண்டு. அதைச் செய்கிறவர்கள் மிகச் சிலரே.

காந்தத்தைத் துணியோடு தகட்டில் ஒட்டவைத்து நகர்த்திச் செல்லுங்கள். இழுவிசை தொலைவு கூடக் கூட மிக விரைவாகக் குறையும். மூன்று மில்லிமீட்டர் பட்டி இருந்தாலும் கைக்குத் தெரியும். ஆனால் தடித்த கறுப்புப் பூச்சும் இழுவிசையைக் குறைக்குமாதலால், மறுபக்கத்தோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். பிறகு திருப்புளியின் கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்னும், பட்டி மொத்தென்னும், துருவேறிய தகடு சரசரத்து உதிரும். கூர்முனையால் குத்திப் பார்ப்பதானால் விற்பவரின் சம்மதம் பெற்றுச் செய்யுங்கள். இன்னும் அவருடைய வண்டிதான்.

பன்னிரண்டு ஆண்டு ஓடிய வண்டியின் அடிப்பக்கம் முழுவதும் நேற்றுப் பூசியதுபோல் கறுகறுவென்று இருந்தால் அது பராமரிப்பின் அடையாளமா, மறைப்பின் அடையாளமா? பூச்சின் ஒழுங்கைப் பாருங்கள். நட்டுகள், ரப்பர்க் குழாய்கள், சைலன்ஸர் கொக்கிகள் எல்லாவற்றின்மேலும் தாறுமாறாகத் தெறித்திருந்தால், விற்பதற்காக அவசரமாக அடித்ததென்று ஐயுறலாம். துருவைச் சுரண்டாமல் அதன்மேல் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, மேலே சொன்ன ஆக்சிஜன் குறைந்த அறை ஒன்றை நாமே கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

அடிபட்ட வண்டியைக் கண்டுபிடிப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். எஞ்சினின் இருபுறக் கைகளையும் டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேரான பரப்பில் சுருக்கங்கள், பெயின்ட் வெடிப்பு, சுத்தியல் தழும்பு இருந்தால் முன்மோதல். ஒருமுறை மடிந்த எஃகு இறுகிப்போகும். நிமிர்த்தினாலும் முன்போல் மடியாது. ஹேட்ச்பேக்கில் பின்மோதலைக் கண்டுபிடிக்க அடியில் போகவே வேண்டாம். பின்கதவைத் திறந்து விரிப்பைத் தூக்கி, உபரிச் சக்கரம் கிடக்கும் குழியைப் பாருங்கள். அதன் சுவர் நெளிந்திருந்தாலோ, ஒருபுறம் மட்டும் புதுப் பெயின்டாக இருந்தாலோ பின்னால் யாரோ வந்து இடித்திருக்கிறார்கள். குழியில் தண்ணீர் நின்ற கறையும் அங்கேயே தெரியும்.

நம் ஊருக்கே உரிய காயம் ஒன்று உண்டு, வேகத்தடையில் உரசிய காயம். எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியில், அதாவது ஆயில் சம்பில், குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தொட்டியின் அடிக்கும் எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாய்க்கும் இடைவெளி மிகக் குறைவு. ஆழமான குழி அந்த வாயை அடைத்தால் எஞ்சின் எண்ணெய்க்குத் தவிக்கும்.

குழாய்களும் ரப்பரும்

முன்னிருந்து பின்சக்கரம் வரை அடித்தளத்தை ஒட்டிச் செல்லும் மெல்லிய எஃகுக் குழாய்களைத் தேடுங்கள். அவற்றில் பிரேக் திரவம் செல்கிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதிப்படி, உங்கள் காலின் அழுத்தம் நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. எங்கேனும் ஊசித்துளை விழுந்தால் அந்தச் சுற்றின் அழுத்தம் முழுவதும் போய்விடும். இதற்காகவே கார்களில் இரண்டு தனிச் சுற்றுகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று போனாலும் மற்றது இருக்கும். ஆனால் வண்டி நிற்கும் தூரம் மிகவும் நீண்டுவிடும்.

குழாயைத் துணியால் துடைத்து, விரலால் நீவிப் பாருங்கள். சொரசொரப்பாகக் குழிகள் தென்பட்டால் மாற்ற வேண்டும். குழாயைத் தாங்கும் கொக்கிகளுக்கு அடியில்தான் ஈரம் தங்கும். அங்கே கவனம் தேவை. எஃகுக் குழாயை வெட்டி இடையில் ரப்பர்க் குழாய் செருகிக் கிளிப் போட்டிருந்தால் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காதீர்கள். கடுமையாக மிதிக்கும்போது அங்கே வளிமண்டல அழுத்தத்தைப்போல் பல பத்து மடங்கு அழுத்தம் எழும். கிளிப் அதைத் தாங்காது. பின்சக்கரத்தின் உட்புறச் சுவரில் ஈரக்கசிவு இருந்தால் சக்கரத்துக்குள்ளிருக்கும் பிரேக் சிலிண்டர் ஒழுகுகிறது.

முன்சக்கரங்களை எஞ்சின் சுழற்ற வேண்டும். அதே சக்கரங்கள் திரும்பவும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே செய்விக்கும் மூட்டை ஆல்ஃபிரட் ஜெப்பா 1920களில் வகுத்தார். எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் உருளும் அந்த மூட்டுக்கு உள்ளே கிரீஸ் நிறைந்திருக்கும். அதை மூடியிருக்கும் மடிப்புகளுள்ள ரப்பர் உறைக்குத்தான் பூட் என்று பெயர். அது கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறித்து, சக்கரத்தின் உட்புறத்தில் கறுப்பு வளையமாகப் படியும். மணல் உள்ளே போகும். மூட்டு தேய்ந்தபின் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்ற ஓசை வரும். ஓசை வருமுன் கண்டுபிடித்தால் ரப்பர் செலவு. வந்தபின் மூட்டுச் செலவு.

சக்கரம் தரையில் படாமல் நிற்கும்போது மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் ஸ்டியரிங்கின் இணைப்பு முனையை ஐயுறுங்கள். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்கள் வெடித்திருப்பது வயதானால் இயல்புதான். ஆனால் ஒரு புஷ் மட்டும் உப்பிக் கொழகொழத்திருந்தால் அதற்கு நேர்மேலே அண்ணாந்து பாருங்கள். எஞ்சின் எண்ணெய் சொட்டிக்கொண்டிருக்கும். இயற்கை ரப்பர் எண்ணெயை உறிஞ்சி ஊதிவிடும். புஷ்ஷை மாற்றினால் போதாது, ஒழுகலையும் அடைக்க வேண்டும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பதும் அடியிலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

ரப்பர் தேய்மானம் எல்லாம் விலை பேசுவதற்குரிய விஷயம். மெக்கானிக்கிடம் செலவைக் கேட்டு, அதைக் கழித்துக்கொண்டு வாங்கலாம். எலும்புக்கூட்டுத் துருவைப் போல் இதற்காக வண்டியைக் கைவிட வேண்டியதில்லை.

சைலன்ஸர் ஏன் உள்ளிருந்தே அழுகுகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது! நீண்ட தூரம் ஓடும் வண்டியில் குழாய் சூடேறி, நீராவி முழுவதும் வெளியேறிவிடும். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் அது உள்ளேயே குளிர்ந்து தேங்கும். ஆகவே, "மிகக் குறைவாக ஓடிய வண்டி" என்ற பெருமை சைலன்ஸருக்குப் பொருந்தாது. ஓட்டையை எம்-சீல் அப்பி அடைத்திருக்கிறார்களா, இணைப்புகளில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அடித்தளத்திலும் ஓட்டை, குழாயிலும் ஓட்டை என்றால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். மணமோ நிறமோ இல்லாத அவ்வாயு, இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குழந்தைகளுடன் நெடுந்தூரம் போகும் வண்டியில் இது விளையாட்டல்ல.

சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் 1995 முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் அதில் இருப்பதால் திருட்டுக்கு ஆளாவதுண்டு. அது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழாயைப் புதிதாகப் பற்றவைத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளம் கண்ட வண்டி

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி சென்னையிலும், அதே மாதத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளிலும் வெள்ளம் புகுந்தது. ஏராளமான கார்கள் மூழ்கின. மூழ்கிய வண்டி உலர்ந்து, இருக்கைத் துணி மாற்றி, வெளியூரில் விலைக்கு வரலாம். இருக்கையை மாற்றுகிறவர் பெட்ரோல் தொட்டியின் மேல்பக்கத்தைக் கழுவுவதில்லை. தொட்டிக்கும் அடித்தளத்துக்கும் இடையிலுள்ள சந்தில் கண்ணாடியை நுழைத்துப் பாருங்கள். பூசியதுபோல் நுண்ணிய வண்டல் படிந்திருந்தால் அது சாலைச் சேறு அன்று. சாலைச் சேறு சக்கரம் வாரியடித்த திசையில் சிதறியிருக்கும், வண்டல் எல்லாத் திசையிலும் சமமாக உறைந்திருக்கும். பெட்டி விளிம்புகளில் நீர் வடிவதற்காக விட்டிருக்கும் துளைகளில் கம்பியில் சுற்றிய துணியை விட்டு எடுங்கள். விரலை விட வேண்டாம், விளிம்பு கூராக இருக்கும். பிறகு மேலே வந்து, இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சுருண்டிருந்த பகுதியில் நீர்மட்டக் கறை கோடுபோல் இருக்கும். இருக்கைகளைத் தரையோடு பூட்டிய போல்ட்டுகள் துருவேறியிருந்தாலும் வண்டிக்குள் நீர் நின்றிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இத்தனையும் தேறிய வண்டிக்குக் கடைசியாக ஒரு சோதனை. அரை மணி நேரம் ஓட்டிவந்து நிறுத்தி, எஞ்சின் பகுதிக்கு அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்துவிடுங்கள். பேச்சு வார்த்தை முடிந்து, காப்பி குடித்துவிட்டு வந்து பாருங்கள். கறுத்த துளி எஞ்சின் எண்ணெய். தடித்து, கந்தக நாற்றம் வீசினால் கியர் எண்ணெய். பச்சையோ சிவப்போ கலந்து இனிய மணம் வந்தால் ரேடியேட்டர் நீர். நச்சுத்தன்மை உள்ளதாகையால் நாய், பூனை நக்காமல் துடைத்துவிடுங்கள். நிறமற்றோ இளமஞ்சளாகவோ இருந்து, விரலில் வழுவழுத்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் விழுந்திருந்தால் பிரேக் திரவம். முன்பக்கத்தில் ஒருபுறமாகத் தெளிந்த நீர் மட்டும் சொட்டி, தாள் உலர்ந்தபின் கறை எதுவும் மிஞ்சவில்லை என்றால் அது ஏ.சி. வடித்த காற்றின் ஈரம். அதற்காக விலை குறைக்கச் சொல்லாதீர்கள்.